சந்தனத்தின் முதுகைவிட்டு இறங்காதவர்கள்

மே மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வெள்ளக்கோம்பை ஏரிக்கரையில் கூட்டம் வடிந்து, சோளக்கதிர் சுடுகிறவர்கள் கரியில் தண்ணீர் தெளித்து அடுப்பை அவித்துக்கொண்டிருந்த பொழுதில், பவுன்தாய் தான் பிடித்து நடத்தும் குதிரை சந்தனத்தின் வயிற்றுவாரை அவிழ்த்து, சேணத்தை இறக்கி, கம்பளியையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு, எப்போதும் போல வெறும் முதுகில் உள்ளங்கையை வைத்தபோது, அன்றைக்கு சவாரி வந்த ஒருவர்கூட அந்த முதுகைவிட்டு இறங்கிப் போயிருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. உடம்புகள் போய்விட்டன. இறங்கி, குதிரையோடு படம் எடுத்து, மிளகாய் பஜ்ஜி தின்று, ஸ்வெட்டருக்குப் பேரம் பேசி, வேன் ஏறி மலையிறங்கியும் போய்விட்டன. பாரம் மட்டும் எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. சந்தனம் நான்கு கால்களையும் சற்று அகட்டி, கழுத்தைத் தாழ்த்தி, ஆள் ஏறியிருக்கும்போது எப்படி நிற்பாளோ அப்படியே நின்றாள். ஓர் அடி எடுத்து வைத்தாள். குளம்பு ஈரமண்ணில் நான்கு விரல் ஆழத்துக்கு இறங்கியது.

பவுன்தாய் இன்னாசியைக் கூப்பிட்டாள். ஏரிக்கரையில் சவாரி போகும் பதினோரு குதிரைகளும் இன்னாசியுடையவை. அவர் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி வந்து, குதிரையின் முதுகைத் தட்டிப் பார்த்தார், குனிந்து குளம்புத் தடத்தைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"எத்தனை பேரு ஏறுனாங்க இன்னைக்கு?"

"நாப்பத்தி மூணுண்ணே."

"நாப்பத்தி மூணு பேருமா எறங்கல?"

"ஒருத்தரும் எறங்கல."

"சீசன் நேரம், அப்படித்தான் இருப்பாங்க. நாளைக்கு எறங்கிருவாங்க," என்றார் இன்னாசி, தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் அவர்கள் இறங்கவில்லை, மறுநாள் ஏறியவர்களும் இறங்கவில்லை.

இந்த இடத்தில் பவுன்தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏரிக்கரையில் அவளுக்கு 'தடவுறவ' என்று பெயர். மற்ற பத்துக் குதிரைகளையும் பிரம்பால் பழக்கியிருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், சமவெளிச் சந்தையிலிருந்து சந்தன நிறத்தில் இரண்டு வயதுக் குட்டி ஒன்று, கண்ணில் வெள்ளை தெரிய, கிட்டே வந்தவனையெல்லாம் எட்டி உதைத்துக்கொண்டு லாரியிலிருந்து இறங்கியபோது, இதை என்னிடம் விட்டுவிடுங்கள், பிரம்பு ஆணியிலேயே தொங்கட்டும் என்று சொன்னவள் அவள். நாற்பது நாள் அதன்மேல் கயிறு போடவில்லை. கொட்டடி வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரித்தாள். குதிரை மூச்சு விடும்போது மூச்சு விட்டாள், அது நிறுத்தும்போது நிறுத்தினாள். பதினேழாம் நாள் அது தானாக வந்து அவள் கொண்டையை முகர்ந்தது. அப்போதும் திரும்பாமல் பூண்டுதான் உரித்தாள். வேகவைத்த கொள்ளில் வெந்தயம் சேர்த்துக் கொடுத்தாள், குளிர் நாளில் கருப்பட்டியும் சுக்கும். குளம்புக்கு வேப்பெண்ணெய். சேணத்துக்கு முன்னால் போடும் கம்பளியை, சில்லென்று முதுகில் பட்டுத் திடுக்கிடக் கூடாதென்று, அடுப்பில் காட்டிச் சூடேற்றித்தான் போட்டாள். "புருசன்கூட இருந்தப்ப அவனுக்கு இப்படிச் செஞ்சிருந்தா அவன் ஏன் திருப்பூருக்கு ஓடப்போறான்," என்று ஊர் சிரித்தது. அவன் பிரம்புக்காரன், அவனுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று அவளும் சிரித்தாள்.

கடிவாளத்தை இழுக்கவே வேண்டாம், தோளில் உள்ளங்கையை வைத்தால் போதும், சந்தனம் நின்றுவிடுவாள் என்ற அளவுக்கு வந்த பிறகு, ஒரே ஒரு குறைதான் மிச்சம் இருந்தது. சேணத்தை இறக்கியதும் அவள் காதிலிருந்து வால்வரை உடம்பை ஒரு தடவை உதறுவாள். தூசியும் ரோமமும் பறந்து சுற்றுலா வந்தவர்களின் மேல் விழும், குழந்தைகள் அலறும். "இந்த ஒதறல மட்டும் நிப்பாட்டிக் குடுத்துரு பவுனு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் இன்னாசி. அவள் நிப்பாட்டிக் கொடுத்தாள். தோளின் தோலுக்கடியில் அந்தச் சிலிர்ப்பு கிளம்புகிற கணமே உள்ளங்கையை வைத்து, "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல," என்று சொல்லிச் சொல்லி, மூன்றே மாதத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளோடு, சந்தனம் உதறுவதை அடியோடு மறந்தாள். பவுன்தாய் தன் வாழ்க்கையில் பெருமைப்பட்ட காரியம் அது ஒன்றுதான்.

அந்தச் சந்தனத்தை, பாரம் ஏறிய எட்டாம் நாள், காய்கறி லாரிகளை எடைபோடும் மேடைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஊரே பின்னால் வந்தது. எடைமேடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு டன் நாற்பது கிலோ என்று படித்து, ரசீதில் வண்டி எண் என்ற இடத்தில் 'சந்தனம்' என்றும் சரக்கு என்ற இடத்தில் 'ஆட்கள்' என்றும் எழுதி, அடுத்த வண்டியை வரச்சொன்னார். பள்ளிக்கூடத்தில், ஒரு ஆளின் எடை இவ்வளவு என்றால் குதிரைமேல் எத்தனை ஆட்கள் என்று பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்தார்கள். ஏரியைச் சுற்றியுள்ள மரப்பாலம் தாங்காது என்று பேரூராட்சி ஒரு பலகை வைத்தது. அதில் லாரிக்குப் பக்கத்தில் குதிரைப் படமும் போட்டிருந்தது. கோயிலில் மாலை அனுப்பினார்கள், சர்ச்சில் அவளுக்காக ஒரு வேண்டுதல் வாசித்தார்கள். கொண்டை ஊசி வளைவில் ரோடு ரோலர் திரும்பாது என்பதால் நான்கு வருஷமாகக் கிடப்பில் கிடந்த மேல்தெருச் சாலைக்கு ஜல்லி கொட்டி, சந்தனத்தை அதன்மேல் போகவும் வரவும் நடத்தி, ஐந்து நாளில் மொழுமொழுவென்று சாலை போட்டுவிட்டார்கள். நல்ல சாலை, இன்றைக்கும் ஒரு பள்ளம் விழவில்லை.

அந்தச் சாலையை நீங்கள் பார்த்தால் ஊரின்மேல் கோபம் வராது. யாரும் கெட்டவர்கள் இல்லை. போகிற போக்கில் ஆளுக்கொரு காரட்டைச் சந்தனத்தின் வாயில் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் ஏறியவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, என் பாரத்தை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்று ஊரிலும் யாருக்கும் தோன்றவில்லை.

ஜூன் மாதம் சாரல் பிடித்தபோது சந்தனத்தின் கணுக்கால்கள் நான்கும் வீங்கியிருந்தன. பவுன்தாய் நொச்சி இலையைக் கொதிக்கவைத்து ஆவி காட்டினாள். மரக்கடையிலிருந்து மரத்தூள் சுமந்து வந்து முழங்கால் உயரத்துக்கு மெத்தை போட்டாள். ஓடைத் தண்ணீரில் வயிறுவரை நிறுத்தினால் கொஞ்சம் லேசாக இருக்கிறதென்று கண்டுபிடித்து, தினமும் காலையில் தானும் கூடவே இறங்கி, பல் கிட்டிக்க நின்றாள். கால்நடை மருத்துவர் வந்தார், பார்த்தார், இதயம் நன்றாக இருக்கிறது, பாரம்தான் அதிகம் என்றார். அது பவுன்தாய்க்கும் தெரியும். மே மாதத்திலிருந்து சந்தனம் படுக்கவில்லை. படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளே தெரிந்துவைத்திருந்தாள்.

ஆகஸ்ட் மாத அமாவாசைக்கு சாத்தூரிலிருந்து வளர்மதி என்று ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு போட்டோ. மே மாதம் கடைசி வாரத்தில் அவளுடைய ஐந்து வயது மகள் இனியா இந்தக் குதிரையில் உட்கார்ந்து சிரிக்கிற போட்டோ. ஜூலையில் காய்ச்சல் வந்து நான்கே நாளில் பிள்ளை போய்விட்டது. வீட்டில் அவள் துணியையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், போட்டோவை மட்டும் இவள் ஒளித்து வைத்திருந்தாள்.

"தொட்டுப் பாத்துக்கிடட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

பவுன்தாய் அவள் கையைப் பிடித்து, பிடரிக்குப் பின்னால், சின்னப் பிள்ளைகளை உட்காரவைக்கிற இடத்தில் வைத்தாள். வளர்மதி வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். ஆயிரக்கணக்கான கிலோவுக்கு நடுவில் ஒரு பதினாறு கிலோவைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். பெற்றவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இருக்காக்கா. நெளிஞ்சுக்கிட்டே இருக்கா," என்றாள். "ஒரு எடத்துல ஒக்காரமாட்டா."

அதிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் முதல் பஸ்ஸில் வந்து, கடைசி பஸ்ஸில் போனாள். வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய முருங்கைக்கீரை கொண்டுவந்து சந்தனத்துக்குக் கொடுத்தாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம், பவுன்தாய் கொட்டடி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, மயிலன் என்கிற கிழட்டுக் குதிரை சவாரி முடிந்து வந்தது. மயிலன் அடி வாங்கியே பழகியவன், முரடன். சேணத்தை எடுத்ததும் அவன் மண்ணில் விழுந்து இரண்டு புரள் புரண்டு எழுந்து, காதிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறினான். தூசி பறந்தது. அதோடு வேறு என்னவோ பறந்ததையும், பக்கத்தில் நின்ற வாளி தள்ளாடியதையும், மயிலனின் முதுகு ஒரு விரற்கடை மேலெழுந்ததையும் பவுன்தாய் பார்த்தாள். அடுத்து வந்த குதிரையும் உதறியது. அதற்கடுத்ததும். பத்துக் குதிரைகளும் நாள்தோறும் தங்கள்மேல் ஏறியவர்களை உதறிவிட்டுத்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் போயின. ஒருத்தி மட்டும் உதறவில்லை.

கீரையை அப்படியே போட்டுவிட்டுப் பவுன்தாய் எழுந்தாள். தன் வலது உள்ளங்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

உதறச் சொல்லிக்கொடுக்க அவள் செய்யாதது இல்லை. ஆற்று மணலை மூட்டையில் கொண்டுவந்து பரப்பினாள். இறகால் காதைக் கூசவைத்தாள், முதுகில் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தாள். கடைசியில் ஏரிக்கரையில் அத்தனை பேர் பார்க்க, சேலையைச் செருகிக்கொண்டு தானே மண்ணில் விழுந்து புரண்டு எழுந்து, தலையிலிருந்து கால்வரை உதறிக் காட்டினாள். ஐஸ்கிரீம்காரர் மணி அடித்தார், சனம் கைதட்டியது. சந்தனம் மட்டும் கவலையோடு கழுத்தை நீட்டி, தன் மூக்கை அவள் தோளில் வைத்து அழுத்தினாள். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று பவுன்தாய் தனக்குக் கற்றுக்கொடுத்ததை அந்த மூக்கால் திருப்பிச் சொன்னாள். பவுன்தாய் மண் அப்பிய முகத்தோடு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

"ரெண்டு போடு போட்டா மேலு தானா ஒதறிட்டுப் போகுது," என்றார் இன்னாசி. அவருக்கும் வருத்தம்தான். "நீ தடவித் தடவி எடுத்தத வேற எப்படித் திருப்பிக் குடுப்ப?"

"பூவாட்டம் வளத்த புள்ளைண்ணே. நான் எப்படி அடிப்பேன்?"

"அப்ப என் கையால போடுறேன். நீ அங்கிட்டுப் போய் நின்னுக்க."

"வேணாம்ண்ணே. யாரு அடிச்சாலும் அவ என்னையத்தான் பாப்பா."

புரட்டாசி அமாவாசைக்கு வளர்மதி வந்தபோது சந்தனத்தின் முன்னங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பவுன்தாய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உதறினால் எல்லோரும் போய்விடுவார்கள், ஒருத்தியை மட்டும் விட்டுவைக்கத் தனக்கு வழி தெரியாது என்றும் சொன்னாள்.

"அவ மட்டும் இருந்துட்டுப் போகட்டும்க்கா. பதினாறு கிலோதான். அவளுக்குச் சாப்பிடவே பிடிக்காதுக்கா," என்று வளர்மதி கையெடுத்துக் கும்பிட்டாள். பவுன்தாய் அவளை ஓடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே தண்ணீருக்குள் இறங்க முயன்று, முழங்கால் மடங்கி, மறுபடி நிமிர்ந்து, ஒரு சத்தமும் போடாமல் நின்ற குதிரையைப் பார்த்துவிட்டு, வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமானபோது பையை எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

"எறக்கிவிட்டுருங்கக்கா. நாளைக்கே செஞ்சிருங்க. நான் இருந்து பாத்துட்டே போறேன்."

மறுநாள் காலை ஏரியிலிருந்து மூடுபனி எழும்பிக்கொண்டிருந்தது. பவுன்தாய் ஆணியில் தொங்கிய பிரம்பை எடுத்தாள். நாற்பத்தாறு வயதில் அவள் கை பிரம்பைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. வளர்மதி பிடரிக்குப் பின்னால் கையை வைத்து நின்றாள். இன்னாசி தொப்பியைக் கழற்றினார்.

முதல் அடிக்கு சந்தனம் திரும்பிப் பார்த்தாள். தான் எதைச் சரியாகச் செய்யவில்லை என்று தேடுகிற பார்வை அது. இரண்டாம் அடிக்கு இன்னும் ஒழுங்காக, நான்கு கால்களையும் சேர்த்து வைத்து நின்றாள். மூன்றாம் அடி விழுந்தபோது, இடது தோளின் தோலுக்கடியில், காற்றில்லாத குளத்தில் மீன் புரண்டதுபோல ஒரு சிலிர்ப்பு கிளம்பியது. கிளம்பிப் பிடரிக்கு ஏறியது. பிடரி மயிர் எழுந்தது. தரை கிடுகிடுத்தது, கொட்டடித் தகரம் படபடத்தது, பத்துக் குதிரைகளும் தலையைத் தூக்கின. "எந்திரிக்கிறாக்கா, எந்திரிக்கிறா!" என்று வளர்மதி கத்தினாள்.

அப்போது பவுன்தாயின் உள்ளங்கை, பிரம்பை விட்டுவிட்டு, சந்தனத்தின் தோளில் போய் உட்கார்ந்தது.

"ஒண்ணுமில்ல தாயி," என்றாள் பவுன்தாய். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குக் கேட்டது. மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் அந்தச் சிலிர்ப்பைக் கண்டதும் போய் உட்கார்ந்த கை, அவளைக் கேட்டுக்கொண்டா போகும்? சந்தனத்தை எவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாளோ அவ்வளவு நன்றாக அந்தக் கையும் பழகியிருந்தது. சிலிர்ப்பு அடங்கியது. பிடரி மயிர் படிந்தது. சந்தனம் பெருமூச்சு விட்டு, இவ்வளவு நேரமும் எதிர்பார்த்தது கிடைத்துவிட்ட நிம்மதியோடு அசையாமல் நின்றாள். அதற்குப் பிறகு பவுன்தாய் அலறிக்கொண்டே பிரம்பு முறியும்வரை அடித்தாள். சந்தனம் அசையவில்லை. அவளுக்கு இப்போது தெரியும், ஒன்றுமில்லை என்று.

மூன்றாம் நாள் சந்தனம் மரத்தூளில் முழங்கால் மடித்து உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் இறந்தாள். பாரந்தூக்கி வண்டி வேண்டியிருக்கும் என்று கீழே சொல்லி அனுப்பியிருந்தார்கள், தேவைப்படவில்லை. போவதற்கு இனி சவாரி இல்லை என்று தெரிந்ததும் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். ஏழெட்டு ஆட்கள் சேர்ந்து, மற்ற எந்தக் குதிரையையும் தூக்குவதுபோலவே தூக்கி, தைலமரத் தோப்பில் புதைத்தார்கள். வளர்மதி அடுத்த அமாவாசைக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

மார்கழியில் இன்னாசி புதிதாக ஒரு குட்டியை இறக்கினார். சாம்பல் நிறம், இரண்டு வயது. லாரியின் பலகையில் கால் வைத்ததிலிருந்தே உடம்பெல்லாம் நடுங்கி உதறிக்கொண்டிருந்தது.

"பேரு நீயே வையி பவுனு. ஒன் கைக்குத்தான் இதெல்லாம் அடங்கும்."

"என் கை வேணாம்ண்ணே. அது ஒதறுறது ஒதறட்டும்."

"ஒதறுனா யாரு ஏறுவா? அப்ப பிரம்புதான்," என்றார் இன்னாசி. புதுப் பிரம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பவுன்தாய் கொட்டடி வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே பிரம்பு விழுந்தது. குட்டி உதறியது. அடி வாங்குகிறது உதறும், உதறுகிறது பிழைத்துக்கொள்ளும் என்று அவள் தனக்குள் சொன்னாள். மறுபடி விழுந்தது, மறுபடி உதறியது, பிழைத்துக்கொள்ளும், பிழைத்துக்கொள்ளும். ஐந்தாவது அடிக்குக் குட்டி கத்தியது. குதிரை கத்துகிற கத்தல் அல்ல அது, பிள்ளை கத்துகிற கத்தல். ஆறாவது அடிக்குள் அவள் எழுந்துவிட்டாள். வேண்டாம், போகாதே என்று சொல்லிக்கொண்டேதான் போனாள். இன்னாசியைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, ரத்தம் கசிந்த அந்தச் சாம்பல் தோளில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஒண்ணுமில்ல தாயி," என்றாள். அவள் முகம் முழுக்கக் கண்ணீராக இருந்தது.

கைக்கடியில் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. இன்னாசி பிரம்பை ஆணியில் மாட்டிவிட்டு, சேணம் எடுத்துவரப் போனார்.